ஒரு சொட்டு இரத்தத்தில் ஒன்பது புழுக்கள்!

யானைக்கால் நோயின் மர்மத்தைத் திறந்து வைத்த கம்பவுண்டர் பையன்

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி ஜன வெள்ளம்! 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை. இளைஞர், முதியவர், கைக்குழந்தையுடன் தாய்மார் என்று எல்லோரும் வெறுங்காலுடன் நடக்கிறார்கள். வழியில் எட்டு லிங்கங்கள். ஒவ்வொரு சந்நிதியிலும் கற்பூர ஜோதி.

எல்லோருடைய கால்களும் நடக்கின்றன. ஆனால் பாதை ஓரத்தில் சில சமயம் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரால் நடக்க முடியாது. ஒரு கால் உரல் போலப் பருத்திருக்கும். தோல் மரப்பட்டை போல வெடித்திருக்கும். காசு போடுகிறவர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போடுவார்கள்.

"போன ஜன்மத்துப் பாவம்" என்று ஒருவர் சொல்வார். "பரம்பரை வியாதி" என்பார் இன்னொருவர். "பக்கத்தில் போகாதே, ஒட்டிக்கொள்ளும்!" என்று குழந்தையை இழுப்பார் மற்றொருவர்.

மூன்றும் தவறு! அது பாவமும் அல்ல, பரம்பரையும் அல்ல, தொட்டால் ஒட்டுவதும் அல்ல. அது ஒரு புழுவின் வேலை. நூல் போன்ற புழு. அதன் குஞ்சுகளோ கண்ணுக்கே தெரியாதவை.

அந்தக் குஞ்சுகளை மனித இரத்தத்தில் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? மருந்துக் கடையில் எடுபிடியாக வாழ்க்கையைத் தொடங்கிய ஒரு பையன்! அவர் அதைக் கண்டுபிடித்த இடம் நம் இந்தியா. ஆண்டு 1872.

அவர் பெயர் திமோதி ரிச்சர்ட்ஸ் லூயிஸ்.

கம்பவுண்டர் டாக்டரானார்!

இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸ் என்று ஒரு நாடு. அங்கே ஒரு சிற்றூரில் 1841-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி லூயிஸ் பிறந்தார். அப்போது விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்து நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

பதினைந்து வயதில் பையனை ஒரு மருந்து வியாபாரியிடம் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். புட்டிகளைக் கழுவ வேண்டும். மருந்து இடிக்க வேண்டும். நிறுத்துக் கொடுக்க வேண்டும். நான்கு ஆண்டுகள் இப்படியே ஓடின.

பிறகு லண்டனுக்குப் போனார். அங்கே ஜெர்மானியர்கள் நடத்திய ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் வேலை கிடைத்தது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், கம்பவுண்டர்!

அதோடு நின்றுவிட்டாரா? இல்லை. சுற்றிலும் ஜெர்மன் பேசினார்கள். அந்த மொழியைக் கற்றுக்கொண்டார். ஓய்வு நேரத்தில் மருத்துவக் கல்லூரிக்குப் போய்ப் பாடம் கேட்டார். பதக்கம் வாங்கினார். 1867-ல் அபர்டீன் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டமும் பெற்றுவிட்டார்.

அடுத்த ஆண்டு ராணுவ மருத்துவப் பள்ளியில் பரீட்சை. அதில் லூயிஸுக்கு முதல் இடம்! இந்திய மருத்துவப் பணிக்கான பரீட்சையில் முதல் இடம் பெற்றவர் டேவிட் கன்னிங்ஹாம் என்ற இளைஞர். அரசாங்கம் இருவரையும் கூப்பிட்டது. "இந்தியாவில் காலரா ஜனங்களை வாரிக்கொண்டு போகிறது. காரணத்தைக் கண்டுபிடியுங்கள்" என்று உத்தரவு போட்டது.

முதலில் ஜெர்மனிக்குப் போய் அங்குள்ள விஞ்ஞானிகளிடம் பாடம் கேட்டார்கள். கம்பவுண்டராக இருந்தபோது கற்ற ஜெர்மன் மொழி இப்போது கைகொடுத்தது. 1869-ம் ஆண்டு ஜனவரியில் இருவரும் கல்கத்தாவில் வந்து இறங்கினார்கள்.

தேடியது ஒன்று, கிடைத்தது வேறு!

லூயிஸ் காலராவைத் தேடினார். நோயாளிகளின் மலம், சிறுநீர், இரத்தம் எல்லாவற்றையும் மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தார். நாள்தோறும் இதே வேலை.

1870-ல் ஒரு விசித்திரமான நோயாளி வந்தார். அவருடைய சிறுநீர் பால் போல வெள்ளையாக இருந்தது. லூயிஸ் ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்தார். உள்ளே நூல் போன்ற சிறு புழுக்கள் நெளிந்தன!

இதே போன்ற புழுவை இதற்கு முன்பும் சிலர் பார்த்திருந்தார்கள். 1863-ல் பாரிஸ் நகரில் டிமார்க்கே என்ற டாக்டர், விரைவீக்க நோயாளியிடமிருந்து எடுத்த நீரில் பார்த்தார். 1866-ல் பிரேசில் நாட்டில் வூக்கரர் என்ற டாக்டர், சிறுநீரில் பார்த்தார். ஆனால் அந்தப் புழு எங்கேயிருந்து வருகிறது என்பது யாருக்கும் தெரியவில்லை.

1872-ம் ஆண்டு. கல்கத்தாவில் வயிற்றுப்போக்குடன் வந்த ஓர் இந்தியர். லூயிஸ் அவருடைய இரத்தத்தில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தார்.

அந்த ஒரு சொட்டில் ஒன்பது புழுக்கள்! ஒன்பதும் உயிரோடு துள்ளிக்கொண்டிருந்தன.

லூயிஸுக்கு வியப்புத் தாளவில்லை. மனித இரத்தத்திலே புழு வசிக்கிறது! சிறுநீரில் வந்த புழுவும் இதுவும் ஒன்றே. அதற்கு "மனித இரத்தப் புழு" என்று பொருள்படும் லத்தீன் பெயர் ஒன்றையும் வைத்தார். அதே ஆண்டு தம் கண்டுபிடிப்பை அச்சிட்டு வெளியிட்டார். யானைக்காலுக்கும் இந்தப் புழுவுக்கும் சம்பந்தம் உண்டு என்றும் எடுத்துச் சொன்னார்.

அதற்கு முன் என்ன நினைத்தார்கள்?

யானைக்கால் நம் நாட்டுக்குப் புதிது அல்ல. சுசுருதர் தம் மருத்துவ நூலிலேயே அதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பழைய தண்ணீர் தேங்கி நிற்கும் ஈரமான ஊர்களில் இந்நோய் அதிகம் என்பது அவர் கருத்து. எவ்வளவு கூர்மையான கண்! தேங்கிய தண்ணீரையும் நோயையும் அந்தக் காலத்திலேயே அவர் முடிச்சுப் போட்டுவிட்டார். நடுவில் இருந்த கொசுதான் தெரியவில்லை.

பதினாறாம் நூற்றாண்டில் கோவாவில் தங்கியிருந்த லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர் வேறு ஒரு கதையை எழுதிவைத்தார். மயிலாப்பூரில் தோமையாரைக் கொன்றவர்களின் சந்ததிக்குக் கிடைத்த சாபமே இந்தப் பருத்த கால் என்பது கதை. பாவம், சாபம், விதி! நோயாளிக்குக் கால் வீங்கியது போதாது என்று பழியையும் சுமத்தினார்கள்.

லூயிஸின் கண்ணாடிச் சில்லு அந்தப் பழியைத் துடைத்தது. சாபத்துக்கு வால் இல்லை, அது நெளியாது. இதுவோ நெளிந்தது!

தாய்ப்புழு எங்கே?

இரத்தத்தில் இருந்தவை குஞ்சுகள். ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு நீளமே இருக்கும். அப்படியானால் தாய் எங்கே?

1876 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் டாக்டர் ஜோசப் பான்கிராஃப்ட் ஒரு நோயாளியின் கையில் இருந்த கட்டியைக் கீறினார். உள்ளே செத்துக் கிடந்தது தாய்ப்புழு. மறு ஆண்டு கல்கத்தாவில் லூயிஸும் வளர்ந்த புழுவைக் கண்டுபிடித்தார். லண்டனில் இருந்த கோபோல்ட் என்பவர் புழுக்களைப் பற்றியே ஆயுள் முழுதும் ஆராய்ந்தவர். உலகம் எங்கிலுமிருந்து டாக்டர்கள் அவருக்குத்தான் புழுக்களை அனுப்புவார்கள். அவர் இதற்குப் பான்கிராஃப்டின் பெயரைச் சூட்டினார்.

பெண் புழு 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளம். வெள்ளை நூல் போல இருக்கும். அது இருக்கும் இடம் இரத்தக் குழாய் அல்ல, நிணநீர்க் குழாய்.

அது என்ன குழாய்? நம் வயலில் வாய்க்காலும் உண்டு, வடிகாலும் உண்டு அல்லவா? இரத்தக் குழாய் வாய்க்கால் என்றால், நிணநீர்க் குழாய் வடிகால். உடம்பின் சதைகளில் மிஞ்சும் நீரை அதுதான் வடித்துக்கொண்டு போகிறது. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அந்த நெறி இந்த வடிகாலின் மடை.

வடிகாலில் புழு குடியிருந்தால் என்ன ஆகும்? வடிகால் கெட்டுவிடும். நீர் வடியாது. வயலில் தண்ணீர் தேங்குவது போலக் காலில் நீர் தேங்கும். தோலில் உள்ள சிறு வெடிப்புகள் வழியே கிருமிகள் நுழையும். குளிர் காய்ச்சல் வரும். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் கால் இன்னும் கொஞ்சம் பருக்கும். பல ஆண்டுகளில் அது யானைக்கால்!

நள்ளிரவு ரகசியம்

குஞ்சுகள் ஒருவர் உடம்பிலிருந்து இன்னொருவர் உடம்புக்கு எப்படிப் போகின்றன? இதைக் கண்டுபிடித்தவர் பாட்ரிக் மான்சன். சீனாவில் அமாய் துறைமுகத்தில் வேலை பார்த்த ஸ்காட்லாந்து டாக்டர்.

1877-ல் மான்சன் ஒரு வேடிக்கையான காரியம் செய்தார். அவருடைய தோட்டக்காரர் ஹின் லோவின் இரத்தத்தில் இந்தப் புழுக்கள் இருந்தன. அவரை ஓர் அறையில் படுக்க வைத்து, கொசுக்களை உள்ளே வரவிட்டார். காலையில் இரத்தம் குடித்த கொசுக்களைப் பிடித்து அறுத்துப் பார்த்தார். கொசுவின் வயிற்றில் புழுக் குஞ்சுகள்! சாகவில்லை, வளர்ந்துகொண்டிருந்தன!

பூச்சி ஒன்று மனித நோயின் புழுவை வளர்க்கிறது என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்போதுதான். கல்கத்தாவில் லூயிஸும் கொசுக்களைப் பிடித்து அறுத்தார். மான்சன் பார்த்தது உண்மை என்று சொன்னார்.

இன்னொரு ரகசியமும் வெளிவந்தது. மான்சன் இரத்தம் பார்க்க இரண்டு உதவியாளர்களை வைத்திருந்தார். பகலில் பார்த்தவருக்குப் புழு அநேகமாகக் கிடைக்கவில்லை. இரவில் பார்த்தவருக்கோ ஏராளம்! குஞ்சுகள் பகலில் உடம்பின் உள்ளே, நுரையீரல் பக்கம் ஒளிந்துகொள்கின்றன. இரவு பத்து மணிக்கு மேல் தோலுக்கு அடியில் உள்ள இரத்தத்துக்கு வருகின்றன. நள்ளிரவில் கூட்டம் அதிகம்.

ஏன் அப்படி? கொசு கடிக்கும் நேரம் இரவு. அது வரும் நேரம் பார்த்துப் புழுவும் வாசலில் வந்து நிற்கிறது! திருடனுக்குத் திருடன் சைகை காட்டுவது போல.

ஆனால் மான்சனும் ஓர் இடத்தில் சறுக்கினார். கொசு தண்ணீரில் விழுந்து சாகும், அந்தத் தண்ணீரைக் குடிப்பதால் நோய் வரும் என்று நினைத்தார். 1900-ம் ஆண்டில்தான் உண்மை விளங்கியது. கொசுவின் உறிஞ்சு குழாயிலேயே புழு வந்து காத்திருப்பதை ஜார்ஜ் லோ என்ற டாக்டர் லண்டனில் கண்டார். கொசு கடிக்கும்போது புழு தோலில் இறங்குகிறது. கடித்த துளை வழியே நுழைகிறது.

மான்சனிடம் பாடம் கேட்ட ரொனால்டு ராஸ்தான் 1897-ல் செகந்திராபாத்தில் மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தார் என்பது பலருக்கும் தெரிந்த கதை. அந்த மாலையில் முதல் பூக்களில் ஒன்று, கல்கத்தாவில் லூயிஸ் பார்த்த அந்த ஒரு சொட்டு.

தோல்வியும் முடிவும்

லூயிஸ் இந்தியாவுக்கு வந்தது காலராவுக்காக அல்லவா? அதில் அவருக்கு வெற்றி கிடைக்கவில்லை. ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் காக் 1883 டிசம்பரில் கல்கத்தாவுக்கு வந்து, காலராவுக்குக் காரணம் கால் புள்ளி போல வளைந்த ஒரு கிருமி என்று சொன்னார். லூயிஸ் ஒப்புக்கொள்ளவில்லை. "இதைப் போன்ற கிருமி ஆரோக்கியமானவர்களின் வாயிலும் இருக்கிறதே!" என்று வாதாடினார். கடைசியில் காக் சொன்னதே சரி என்று ஆயிற்று.

1883-ல் லூயிஸ் இங்கிலாந்து திரும்பினார். தாம் படித்த ராணுவ மருத்துவப் பள்ளியிலேயே ஆசிரியரானார். 1886-ல் விஞ்ஞானிகளுக்குப் பெரிய கௌரவமான ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவிக்கு அவர் பெயர் சிபார்சு செய்யப்பட்டது. ஆனால் பதவி வருமுன் மரணம் வந்துவிட்டது! மே 7-ந் தேதி நிமோனியா காய்ச்சலில் காலமானார். வயது 44.

புழுவுக்கு இன்று வழங்கும் விஞ்ஞானப் பெயரில் வூக்கரர் இருக்கிறார், பான்கிராஃப்ட் இருக்கிறார். லூயிஸ் இல்லை. எலியின் இரத்தத்தில் அவர் கண்ட ஒரு நுண்ணுயிருக்கு மட்டும் அவர் பெயரை வைத்தார்கள். எலிக்குக் கிடைத்த பெயர் புழுவுக்குக் கிடைக்கவில்லை!

நம் ஊரில் நடந்த போர்

சுதந்திர இந்தியாவில் 1955-ல் தேசிய யானைக்கால் தடுப்புத் திட்டம் தொடங்கியது. நம் பக்கத்தில் புதுச்சேரியில் 1975-ல் கொசு ஆராய்ச்சிக்கு என்றே ஒரு மத்திய நிலையம் ஏற்பட்டது. அந்த நிலையத்தார் 1982 முதல் 1986 வரை காரைக்காலில் ஒரு புது வழியைச் சோதித்தார்கள். சமையல் உப்பில் யானைக்கால் மருந்தைக் கலந்து கொடுத்தார்கள். குழம்போடு மருந்தும் உள்ளே போயிற்று!

தமிழ்நாட்டில் இந்நோய் பரவியுள்ளவை என்று குறிக்கப்பட்ட மாவட்டங்களில் திருவண்ணாமலையும் ஒன்று. ஊரில் எல்லோருக்கும் ஒரே நாளில் மாத்திரை கொடுக்கும் திட்டம் 2004 முதல் நாடு முழுவதும் பெரிய அளவில் நடந்தது. சுகாதார ஊழியர்கள் வீடு வீடாக வந்து மாத்திரை கொடுத்தார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் கதவைத் தட்டி விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்தார்கள்.

"பகலில் வரக் கூடாதா? தூங்குகிற நேரத்தில் என்ன தொல்லை!" என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. காரணம் இப்போது புரிகிறதல்லவா? புழு வரும் நேரத்துக்கு ஊழியரும் வரவேண்டியிருக்கிறது.

"எனக்குத்தான் நோயே இல்லையே, நான் ஏன் மாத்திரை சாப்பிட வேண்டும்?" என்று கேட்பவர்கள் அதிகம். இது ஆபத்தான கேள்வி! புழு உள்ளவர்களில் பலருக்குக் கால் வீங்குவதே இல்லை. பார்வைக்கு நன்றாக இருப்பார்கள். ஆனால் அவர்கள் இரத்தத்தில் நள்ளிரவில் குஞ்சுகள் உலாவும். கொசு அதை எடுத்துக்கொண்டு போய் அடுத்த கட்டிலில் தூங்கும் குழந்தைக்குக் கொடுக்கும். மாத்திரை நமக்காக மட்டும் அல்ல, அந்தக் குழந்தைக்காக!

கர்ப்பிணிகள், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கடும் நோயாளிகள் ஆகியோருக்கு இந்த மாத்திரை கொடுப்பதில்லை. மற்றவர்கள் வெறும் வயிற்றில் சாப்பிடாமல், ஏதாவது உண்டபின் சாப்பிட வேண்டும். சிலருக்குத் தலைவலி, லேசான காய்ச்சல் வரலாம். உள்ளே குஞ்சுகள் சாவதால் வருவது அது. பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும்.

கிரிவலம் வருகிறவர்கள் பயப்பட வேண்டுமா?

வேண்டாம். ஒரு நாள் இரவு நாலு கொசு கடித்ததால் யானைக்கால் வந்துவிடாது. புழு உள்ள கொசுக்கள் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் திரும்பத் திரும்பக் கடித்தால்தான் ஆபத்து. ஆகவே கவலைப்பட வேண்டியவர்கள் வந்து போகிறவர்கள் அல்ல. அந்தக் கொசுவோடு தினமும் குடியிருக்கிறவர்கள்.

இந்தக் கொசு நல்ல தண்ணீரைத் தேடாது. சாக்கடை, கழிவு நீர்க் குட்டை, மூடாத மலக்குழி இவைதான் அதற்குத் தொட்டில். வீட்டுக்குப் பின்புறம் தேங்கும் கழிவு நீரை ஓடவிட வேண்டும். மலக்குழியின் காற்றுக் குழாயில் வலை கட்ட வேண்டும். இரவில் கொசுவலைக்குள் படுக்க வேண்டும். செலவு குறைவு, பலன் பெரிது.

புழுவை ஊரை விட்டு விரட்ட முடியுமா என்று சந்தேகமா? நரம்புச் சிலந்தியை நினைத்துப் பாருங்கள்! படிக்கட்டுக் குளத்துத் தண்ணீரைக் குடித்தவர்களின் காலைத் துளைத்துக்கொண்டு முழ நீளப் புழு வெளியே வருமே, தாத்தா பாட்டிகளுக்குத் தெரியும். நல்ல குடிதண்ணீர் வந்தது. தண்ணீரைத் துணியில் வடிகட்டக் கற்றுக்கொண்டோம். இந்தியாவில் அதன் கடைசி நோயாளி 1996-ல். 2000-ம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனமே இந்தியாவுக்குச் சான்று கொடுத்துவிட்டது. ஒரு புழு போய்விட்டது. இன்னொன்றும் போகும்!

வீங்கிய காலுக்கு வழி

ஏற்கெனவே வீங்கிவிட்டவர்கள் கதி? மாத்திரை சாப்பிட்டால் பெருத்த கால் பழையபடி சிறுக்காது. ஆனால் மேலும் பெருக்காமல் தடுக்கலாம். அதற்கு வேண்டியவை சோப்பும் தண்ணீரும்!

தினமும் காலைச் சோப்புப் போட்டு மெதுவாகக் கழுவ வேண்டும். விரல் இடுக்குகளிலும் தோல் மடிப்புகளிலும் ஈரம் இல்லாமல் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். வெடிப்பு, புண் இருந்தால் மருந்து தடவ வேண்டும். உட்காரும்போதும் படுக்கும்போதும் காலைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். அளவான செருப்புப் போட வேண்டும். காய்ச்சலும் நெறியும் வந்தால் உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விரைவீக்கத்துக்கு அறுவை சிகிச்சை உண்டு, குணமாகும். வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதில்லை.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலைக் கழுவ நீங்கள் உதவலாம். தொட்டால் ஒட்டாது. குனிந்து கழுவ முடியாத பாட்டிக்குப் பேரன் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால், பாதி வைத்தியம் முடிந்தது.

மருந்துப் புட்டி கழுவிய ஒரு பையன், ஒரு சொட்டு இரத்தத்தை ஒதுக்கித் தள்ளாமல் உற்றுப் பார்த்தான். அதனால் ஒரு சாபக் கதை பொய்யாயிற்று. பருத்த காலோடு ஒருவர் எதிரே வந்தால், நாமும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பார்ப்போம். "தினமும் காலைக் கழுவுகிறீர்களா ஐயா? ஆஸ்பத்திரியில் காட்டினீர்களா?" என்று கேட்போம். போடுகிற காசைவிட அந்தக் கேள்வி அவருக்கு உதவும்.